மழையைப் படித்தவர்

முதல் மழை அன்னைக்கு பைக் ஓட்டியிருக்கீங்களா? அடைமழை வேண்டாம். பல நாள் வெயிலுக்கு அப்புறம் வர்ற அந்த முதல் தூறலைச் சொல்றேன். ரோட்டில் படிந்திருந்த தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு சேர்ந்து வழவழன்னு ஒரு படலமா மாறியிருக்கும். ஜீப்ரா கிராஸிங் வெள்ளைக்கோட்டு மேல பிரேக் பிடிச்சா, பின் சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கமா வழுக்கும். ஒரு நொடி அடிவயிறு ஜில்லுனு ஆகும். அதுக்கப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நாற்பதைத் தாண்ட மாட்டீங்க.

இப்போ அந்த ஒரு நொடியை இரண்டு மணி நேரத்துக்கு நீட்டுங்க. வேகத்தை மணிக்கு 250 கிலோமீட்டர் ஆக்குங்க. முன்னால் போகிற காரின் சக்கரங்கள் கிளப்பும் நீர்த்திரையில் எதுவுமே தெரியாது. எதிரே திருப்பம் இருக்கிறதா, நின்றுபோன கார் இருக்கிறதா என்பதை ஞாபகத்தையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் ஒரு மனிதர் மற்ற எல்லோரையும்விட வேகமாகப் போனார். பெயர் அயர்ட்டன் சென்னா. அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்மில் பலர் அப்போ பிறக்கவே இல்லை. ஆனாலும் எஃப்1 பார்க்கிற யாரிடமாவது மழை என்று சொல்லிப் பாருங்க, அடுத்த வார்த்தை சென்னா என்றுதான் வரும். அவர் கதையை மழை பெய்த நாட்களை வைத்தே சொல்லிவிடலாம். கடைசி நாளைத் தவிர. அன்று மட்டும் வெயில்.

தோற்ற பையன்

1960 மார்ச் 21 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் பிறந்தார். முழுப்பெயர் அயர்ட்டன் சென்னா டா சில்வா. சென்னா என்பது அம்மா வழிப் பெயர். பிரேசிலில் தடுக்கி விழுந்தால் ஒரு சில்வா மேல்தான் விழ வேண்டும் என்பதால், பின்னாளில் அம்மாவின் பெயரையே வைத்துக்கொண்டார். வசதியான குடும்பம். பையனுக்கு நாலு வயசு இருக்கும்போது அப்பா மில்ட்டன், புல்வெட்டும் மெஷினின் எஞ்சினை வைத்து ஒரு சின்ன கார்ட் செய்து கொடுத்தார். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

பதின்மூன்று வயதில்தான் முறையான கார்ட் பந்தயத்தில் இறங்க முடிந்தது. வெயிலில் நன்றாக ஓட்டினான். ஆனால் ஈரத்தில் ஓடிய ஒரு பந்தயத்தில் ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் அவனைத் தாண்டிப் போனார்கள். வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திருப்பினால் நேராகப் போனது, பிரேக் பிடித்தால் சுற்றியது.

இது ஏன் என்று நமக்குத் தெரியணும். கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுக்கமாக மாட்டியிருக்கும். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் போக வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். அப்போ கார்ட் எப்படித் திரும்பும்? எடை வெளிப்பக்கம் சாய்ந்து, உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும். காய்ந்த தரையில் டயர் நன்றாகப் பிடிப்பதால் அந்த அளவுக்கு எடை சாயும். ஈரத்தில் பிடிப்பு இல்லை, எடை சாயாது, சக்கரம் தூக்காது, கார்ட் நேராகப் போகும். அதைத் திருப்ப ஸ்டீயரிங் மட்டும் போதாது. உடம்பை எங்கே சாய்க்கணும், பிரேக்கை எப்போது தொடணும், த்ராட்டிலை எவ்வளவு கொடுக்கணும் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

தோற்ற பையன் செய்தது ரொம்ப எளிமையான காரியம். அதற்கப்புறம் மழை பெய்தால் போதும், மற்றவர்கள் கார்ட்டை உள்ளே தள்ளுகிற நேரத்தில் இவன் வெளியே தள்ளினான். போட்டி கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. நனைய நனையச் சுற்றிக்கொண்டே இருப்பான். எங்கே வழுக்குகிறது, எங்கே பிடிக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று டிராக்கைப் பாடம் மாதிரி படித்தான். பின்னாளில் உலகமே அவரை மழைக்கென்றே பிறந்தவர் என்றது. அவரோ இந்தத் தோல்வியிலிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்.

1977-ல் தென் அமெரிக்க கார்ட் சாம்பியன். உலக கார்ட் சாம்பியன்ஷிப்பை மட்டும் கடைசி வரை அவரால் வெல்ல முடியவில்லை. 1979-லும் 1980-லும் இரண்டாம் இடம். 1981-ல் இங்கிலாந்துக்குப் போய் ஃபார்முலா ஃபோர்டு ஓட்டினார். அந்த வருஷக் கடைசியில் அப்பாவின் தொழிலைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பினார். மனசு கேட்கவில்லை, மறுபடி இங்கிலாந்து. மழைக்குப் பேர்போன நாட்டில் பாடம் தொடர்ந்தது. 1983 பிரிட்டிஷ் ஃபார்முலா 3-ல் முதல் ஒன்பது பந்தயங்களையும் தொடர்ச்சியாக வென்று, மார்ட்டின் ப்ரண்டிலுடன் கடைசி வரை மல்லுக்கட்டி, சாம்பியன் ஆனார். எஃப்1 கதவு திறந்தது.

மொனாக்கோ, 1984

கிடைத்தது டோல்மன் என்ற சின்ன அணி. ஜெயிக்கிற கார் இல்லை. 1984 ஜூன் 3, மொனாக்கோ. ஊருக்குள் ஓடுகிற டிராக். இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு, நடுவில் சந்து மாதிரி ரோடு. கொட்டுகிற மழை. சென்னா 13-வது இடத்திலிருந்து கிளம்பினார். முன்னணியில் போன நைஜல் மான்செல் ரோட்டு வெள்ளைக்கோட்டில் வழுக்கித் தடுப்பில் மோதினார். (உங்க ஜீப்ரா கிராஸிங் ஞாபகம் வருதா? பெயின்ட்டுக்கு எஃப்1 காரும் ஒண்ணுதான், பைக்கும் ஒண்ணுதான்.) சென்னா ஒவ்வொருவராகத் தாண்டி, 19-வது லேப்பில் நிக்கி லௌடாவையும் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் இருந்தது மெக்லாரன் காரில் அலைன் ப்ராஸ்ட் மட்டும்.

ஒவ்வொரு லேப்பிலும் இடைவெளி சில நொடிகள் குறைந்துகொண்டே வந்தது. ப்ராஸ்ட் ஓட்டிக்கொண்டே கையை வெளியே நீட்டி, பந்தயத்தை நிறுத்துங்கள் என்று சைகை காட்டினார். 31 லேப் முடிந்த நிலையில், பந்தய அதிகாரியாக இருந்த ஜாக்கி இக்ஸ் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார். கோட்டருகே மெதுவான ப்ராஸ்ட்டைச் சென்னா தாண்டிப் போனார், ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார். ஆனால் விதிப்படி அதற்கு முந்தைய லேப்பின் கணக்குத்தான் செல்லும். ஏழரை நொடி வித்தியாசத்தில் இரண்டாம் இடம்.

இதில் இரண்டு விஷயம் சொல்லணும். சென்னாவுக்குப் பின்னால் ஸ்டெஃபான் பெல்லோஃப் என்ற இன்னொரு இளைஞர் அவரையும்விட வேகமாக வந்துகொண்டிருந்தார். அதனால் அன்று பந்தயம் தொடர்ந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது, பந்தயம் பாதியில் நின்றதால் பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். முதலிடத்துக்கான 9-க்குப் பதில் ப்ராஸ்ட்டுக்கு 4.5. வருஷக் கடைசியில் அவர் லௌடாவிடம் சாம்பியன் பட்டத்தை இழந்தது வெறும் அரைப் புள்ளியில். பந்தயம் முழுசாக ஓடி, சென்னாவிடம் தோற்று இரண்டாம் இடம் வந்திருந்தால்கூட ப்ராஸ்ட்டுக்கு 6 கிடைத்திருக்கும், பட்டமும் கிடைத்திருக்கும். மழையை நிறுத்தச் சொன்னவருக்கு மழை வைத்த கணக்கு இது.

வேகம் எங்கிருந்து வந்தது?

சென்னா ஈரத்தில் அப்படி என்னதான் செய்தார்? பயம் இல்லாதவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மெக்கானிக்கல் படிக்கிற நண்பர்களுக்கு அந்தப் பதில் போதாது.

முதலில் தண்ணீர். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்பு மாதிரி குவியும். அந்த நீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் அழுத்தம் நான்கு மடங்கு. ஒரு கட்டத்தில் அது காரையே தூக்கிவிடும். டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் சறுக்கும். இதுதான் அக்வாபிளேனிங். அந்த நேரத்தில் ஸ்டீயரிங், பிரேக் எதுவுமே வேலை செய்யாது. வழுவழுப்பான ஸ்லிக் டயரை மழையில் பயன்படுத்தாததற்கும், மழை டயரில் பள்ளங்கள் வெட்டியிருப்பதற்கும் காரணம் இதுவே. இன்றைய எஃப்1 மழை டயர் ஒன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளும் என்கிறது அதைச் செய்யும் பைரெல்லி. நாலு குடம் தண்ணீரைவிட அதிகம், ஒரே நொடியில், ஒரே டயர்.

இரண்டாவது, பாதை. காய்ந்த டிராக்கில் எல்லோரும் ஒரே தடத்தில்தான் ஓடுவார்கள். அந்தத் தடத்தில் ரப்பர் தேய்ந்து தேய்ந்து படிந்திருக்கும். வெயிலில் அதுதான் நல்ல பிடிப்பு. நனைந்தால் அதே ரப்பர்தான் சோப்பு மாதிரி வழுக்கும். அதனால் மழையில் கெட்டிக்காரர்கள் வழக்கமான தடத்தை விட்டு வெளியே, சொரசொரப்பான தார் இருக்கும் பக்கம் போவார்கள். சென்னா இதைச் சின்ன வயசிலேயே கார்ட்டில் கற்றுக்கொண்டவர். அதிலும் மழை நின்று டிராக் காய ஆரம்பிக்கும்போது நிலைமை தலைகீழாகும். பழைய தடம் முதலில் காயும். அங்கே மழை டயர் சூடேறிக் கரையும். அப்போது டயரைக் குளிர வைக்க ஈரமான பக்கத்தைத் தேடி ஓட்டணும். ஒரே பந்தயத்தில் சரியான பாதை நாலு தடவை மாறலாம்.

மூன்றாவது, வலது கால். அந்தக் காலத்து டர்போ எஞ்சின்களில் த்ராட்டிலை மிதித்தால் உடனே சக்தி வராது. கொஞ்சம் தாமதித்து, ஒரேயடியாக வந்து தாக்கும். ஈரத்தில் அப்படி வந்தால் பின் சக்கரம் சுழன்று கார் திரும்பிவிடும். சென்னா திருப்பத்தின் நடுவில் த்ராட்டிலை நொடிக்குப் பல தடவை தட்டித் தட்டி விடுவார். டர்போ சுழற்சி குறையாமல் இருக்கும், அதே சமயம் பின் டயர் எவ்வளவு தாங்குகிறது என்பதும் காலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கண் தெரியாத இடத்தில் கைத்தடியால் தட்டித் தட்டி நடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டோரில், 1985

அடுத்த வருஷம் லோட்டஸ் அணி. 1985 ஏப்ரல் 21, போர்ச்சுகலின் எஸ்டோரில். வாழ்க்கையின் முதல் போல் பொசிஷன். பந்தயத்தன்று மழை. ப்ராஸ்ட் நேர்ப்பாதையிலேயே, அதாவது திருப்பமே இல்லாத இடத்தில், தேங்கிய நீரில் சுழன்று வெளியேறினார். சென்னா முதல் லேப்பிலிருந்து கடைசி லேப் வரை முன்னிலை. இரண்டாவதாக வந்த மிக்கேல் அல்பொரேட்டோ ஒரு நிமிஷத்துக்கும் மேல் பின்னால். மற்ற எல்லோரையும் ஒரு முழு லேப்போ அதற்கு மேலோ பின்தள்ளிவிட்டார். அதுதான் அவருடைய முதல் எஃப்1 வெற்றி.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தப் பந்தயத்தின் நடுவே அவர் கார் ரோட்டை விட்டு விலகிப் புல்லுக்குள் போய், மறுபடி ரோட்டுக்கே வந்தது. பார்த்தவர்கள் கட்டுப்பாட்டைப் புகழ்ந்தார்கள். சென்னாவோ அது திறமை இல்லை, நாலு சக்கரமும் புல்லில், முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொண்டார். ஜெயித்த நாளில், எது தன் கையில் இருந்தது, எது இல்லை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது அவரால்.

மழை எல்லா பந்தயத்துக்கும் ஒன்றா?

இல்லை. சின்ன இடைவேளை எடுத்து இதைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பெரிய ஓவல் டிராக்குகளில் மழை வந்தால் பந்தயம் நிற்கும். சாய்வான தளத்தில், சுவரை ஒட்டி, முழு வேகத்தில், நெருக்கமாக ஓடுகிற பந்தயத்தில் ஈரத்துக்கு இடமே இல்லை. டிராக்கைக் காய வைக்கும் வண்டிகள் சுற்றும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். ராலி அப்படியே நேர் எதிர். மழை, சேறு, பனி எதுவானாலும் ஓடும். அங்கே கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்புவதால் முன்னால் நீர்த்திரை கிடையாது. லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிராக்கே 13 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் காய்ந்திருக்கும். எந்த டயர் போடுவது என்பதே சூதாட்டம். மோட்டோஜிபியில் நடுவில் மழை வந்தால் பிட்டுக்குள் போய் மழை டயர் மாட்டிய இன்னொரு பைக்கில் ஏறி வருவார்கள்.

எஃப்1 இவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. சுற்றுப்பாதை என்பதால் ஈரத்தில் ஓட முடியும். எல்லோரும் ஒன்றாக ஓடுவதால் ஒருவர் கிளப்பும் நீர் அடுத்தவர் கண்ணை மறைக்கும். அதனால் எப்போது ஓடுவது, எப்போது நிறுத்துவது என்ற கேள்வி இன்று வரை தீரவில்லை. அந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள்தான் சென்னாவும் ப்ராஸ்ட்டும்.

அடிலெய்ட், 1989

1988-ல் மெக்லாரனில் இருவரும் ஒரே அணி. 16 பந்தயங்களில் 15-ஐ அந்த அணி வென்றது. சென்னா எட்டு, ப்ராஸ்ட் ஏழு. சில்வர்ஸ்டோனில் கனமழை, சென்னா ஜெயித்தார், ப்ராஸ்ட் தானாகவே விலகினார். ஜப்பானின் சுசுகாவில் கிளம்பும்போதே சென்னாவின் எஞ்சின் நின்றுபோனது. ரோடு சரிவாக இருந்ததால் உருண்டே ஸ்டார்ட் ஆகி, 14-வது இடத்துக்குப் போனவர், தூறல் விழுந்த நேரத்தில் ப்ராஸ்ட்டைப் பிடித்துத் தாண்டி முதல் உலகப் பட்டத்தை வென்றார்.

1989 கடைசிப் பந்தயம், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட். வெள்ளம் மாதிரி மழை. ப்ராஸ்ட் ஒரு லேப் ஓட்டிவிட்டு, இதில் ஓட்ட மாட்டேன் என்று காரை விட்டு இறங்கினார். அவரைக் கோழை என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் 1982-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், மழையில் மெதுவாகப் போன ப்ராஸ்ட்டின் காரை நீர்த்திரையில் பார்க்க முடியாமல் டிடியே பிரோனி பின்னாலிருந்து வந்து மோதினார். கால்கள் நொறுங்கி, பிரோனியின் எஃப்1 வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அதை உள்ளே இருந்து பார்த்தவர் ப்ராஸ்ட். மழையில் எத்தனை திறமை இருந்தாலும், தெரியாததைத் தவிர்க்க முடியாது என்பது அவர் கணக்கு.

சென்னா அன்று ஓட்டினார். பெரிய முன்னிலையோடு போய்க்கொண்டிருந்தவர், நீர்த்திரைக்குள் மறைந்திருந்த ப்ரண்டிலின் காரின் பின்பக்கம் மோதி, முன் சக்கரத்தை இழந்தார். ப்ராஸ்ட் சொன்ன அதே காரணம். மழையின் மன்னனையும் மழை விடவில்லை.

மனிதர் அப்பழுக்கற்றவர் என்று நான் சொல்ல வரலை. 1989 சுசுகாவில் ப்ராஸ்ட்டுடன் மோதிப் பட்டத்தை இழந்தவர், 1990-ல் அதே இடத்தில் முதல் திருப்பத்திலேயே ப்ராஸ்ட் மேல் மோதிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்ததை அடுத்த வருஷம் அவரே ஒத்துக்கொண்டார். அதே மனிதர்தான், 1992-ல் பெல்ஜியத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது விபத்தில் மயங்கிக் கிடந்த எரிக் கோமாவைப் பார்த்ததும் தன் காரை நிறுத்தி, மற்ற கார்கள் வரும் ரோட்டில் ஓடிப்போய், உறுமிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்து, மருத்துவர் வரும் வரை தலையைத் தாங்கிப் பிடித்தார். இரண்டும் அவர்தான்.

டானிங்டன், 1993

1991-ல் மூன்றாவது உலகப் பட்டம். அந்த வருஷம்தான் சொந்த ஊர் இன்டர்லாகோஸில் முதல் வெற்றியும். கியர்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசி லேப்களை ஆறாவது கியரிலேயே, தூறலில் ஓட்டி முடித்தார். காரிலிருந்து அவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

1993-ல் காற்று மாறியது. ப்ராஸ்ட்டும் டேமன் ஹில்லும் ஓட்டிய வில்லியம்ஸ்-ரெனோதான் அந்த வருஷத்தின் சிறந்த கார். மெக்லாரனிடம் இருந்தது விலைக்கு வாங்கிய ஃபோர்டு வி8. சக்தி குறைவு. ஏப்ரல் 11, இங்கிலாந்தின் டானிங்டன். ஈரம். சென்னா நாலாவது இடத்தில் கிளம்பி, முதல் திருப்பத்தில் ஐந்தாவதாகப் பின்தங்கினார். அதற்கப்புறம் நடந்ததை நீங்க வீடியோவில் பார்த்தே ஆகணும். மைக்கேல் ஷூமாக்கர், கார்ல் வென்ட்லிங்கர், ஹில், ப்ராஸ்ட். நாலு பேரையும் தாண்டி அந்த லேப் முடியும்போது முதலிடம். கவனித்துப் பார்த்தால் தெரியும், வென்ட்லிங்கரைத் தாண்டும்போது அவர் போவது வெளிப்பக்கம், யாரும் போகாத தடம். மழையில் தனியாகச் சுற்றிய பையன் அங்கே தெரிவான்.

மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ப்ராஸ்ட் டயர் மாற்ற ஏழு தடவை பிட்டுக்குள் போனார். சென்னா காரின் எலக்ட்ரானிக்ஸும் சாதாரணம் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதில் உண்டு. ஆனால் அது வில்லியம்ஸிலும் இருந்தது. இரண்டாவது வந்த ஹில் ஒரு நிமிஷத்துக்கும் மேல் பின்னால், ப்ராஸ்ட் உட்பட மீதி எல்லோரும் ஒரு லேப்பாவது பின்னால். ஒரு வேடிக்கை: அன்றைய மிக வேகமான லேப்பைச் சென்னா ஓட்டியது பிட் பாதை வழியாக. டயர் மாற்ற உள்ளே போனவர், மாற்றாமலே வெளியே வந்தார். பிட்டில் அப்போது வேகக் கட்டுப்பாடு கிடையாது, அந்தப் பாதை கடைசித் திருப்பத்தையும் தவிர்த்துவிடும். அதனால் அதுவே குறுக்கு வழி ஆனது.

வெயில் அடித்த நாள்

1994-ல் வில்லியம்ஸுக்கு மாறினார். இத்தாலியின் இமோலா. வெள்ளிக்கிழமை ரூபன்ஸ் பாரிச்செல்லோ பயங்கர விபத்தில் சிக்கித் தப்பினார். சனிக்கிழமை ரோலண்ட் ராட்சென்பெர்கர் இறந்தார். அன்று சென்னா உடைந்துபோயிருந்தார். ஞாயிறு, மே 1. வானம் தெளிவு, ரோடு காய்ந்திருந்தது. ஏழாவது லேப்பில் டாம்புரெல்லோ திருப்பத்தில் அவர் கார் திரும்பாமல் நேராகப் போய்க் கான்கிரீட் சுவரில் மோதியது. முன் சஸ்பென்ஷனிலிருந்து உடைந்த பாகம் தலைக்கவசத்தைத் துளைத்தது. வயது 34. உடைந்த காருக்குள் ஒரு ஆஸ்திரியக் கொடி இருந்தது. பந்தயம் முடிந்ததும் ராட்சென்பெர்கருக்காக அதை உயர்த்திப் பிடிக்க எடுத்துச் சென்றிருந்தார்.

காரணம் என்ன? அவர் உட்கார வசதிக்காக வெட்டி, ஒல்லியான குழாய் வைத்து ஒட்டியிருந்த ஸ்டீயரிங் தண்டு உடைந்திருந்தது. அதில் உலோகக் களைப்பின் அடையாளங்கள் இருந்தன. மோதுவதற்கு முன்பே உடைந்ததா, மோதியதில் உடைந்ததா என்று இத்தாலிய நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். பாதுகாப்புக் காருக்குப் பின்னால் மெதுவாகப் போனதில் டயர் அழுத்தம் குறைந்து, காரின் அடிப்பாகம் தரையில் உரசியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

எது உண்மையானாலும் ஒன்று நமக்குப் புரியணும். பிடிப்பே இல்லாத ரோட்டில் பிழைத்தவர், நல்ல பிடிப்பு உள்ள ரோட்டில் இறந்தார். மழையில் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, அதைப் படிக்க அவருக்குத் தெரியும். ஒரு குழாயின் உள்ளே வளர்கிற விரிசலையும், திருப்பத்துக்கு வெகு அருகில் நிற்கிற சுவரையும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கால் சரி செய்ய முடியாது. அது வரைகிறவன், செய்கிறவன், விதி எழுதுகிறவன் வேலை. அதாவது நாளைக்கு நம்ம வேலை.

சாவோ பாவ்லோ தெருக்களில் லட்சக்கணக்கில் மக்கள் நின்றார்கள். பிரேசில் மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ப்ராஸ்ட்டும் ஒருவர். 161 பந்தயங்கள், 41 வெற்றிகள், 65 போல் பொசிஷன். பிரேசில் குழந்தைகளின் படிப்புக்காக அவர் செய்ய நினைத்ததை, அக்கா விவியானி அதே வருஷம் சென்னா பெயரில் ஒரு நிறுவனமாகத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

இமோலாவுக்குப் பிறகு டாம்புரெல்லோவை மாற்றிக் கட்டினார்கள். கார், தலைக்கவசம், டிராக் எல்லாம் மாறின. அதன்பின் இருபது வருஷம் எஃப்1 பந்தய வாரத்தில் எந்த டிரைவரும் உயிர்போகும் காயம் அடையவில்லை. அந்தக் கணக்கை முடித்து வைத்தது மழை. 2014 அக்டோபர் 5, சுசுகா. இருட்டும் ஈரமும் சேர்ந்த நேரம். வேறொரு காரை எடுக்க வந்திருந்த கிரேன் வண்டியில், தண்ணீரில் சறுக்கிய ஜூல்ஸ் பியான்கி மோதினார். ஒன்பது மாதம் கழித்து இறந்தார். அதற்கப்புறம் ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் ஒரே சமயத்தில் மெதுவாக்கும் விதி வந்தது. இப்போ மழை பலமானால் எஃப்1-ல் காத்திருக்கிறார்கள். 2021-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் மணிக்கணக்கில் காத்திருந்து, பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில லேப் மட்டும் ஓடி, பாதிப் புள்ளி கொடுத்தார்கள். ரசிகர்கள் திட்டினார்கள். எனக்கும் அன்று கடுப்புதான். பிரோனியையும் பியான்கியையும் படித்த பிறகு அந்தக் கடுப்பு கொஞ்சம் இறங்கியது.

சரி, உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, இன்னைக்கு ராத்திரி டானிங்டன் முதல் லேப்பைத் தேடிப் பாருங்க, ஒன்றரை நிமிஷம்தான். இன்னொன்று, நாளைக்குக் காலையில் பைக் எடுக்கும் முன் குனிந்து பின் டயரைப் பாருங்க. பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். ரப்பர் அந்த மேடு வரைக்கும் தேய்ந்திருந்தால் தண்ணீர் வெளியே போக வழி இல்லை என்று அர்த்தம். மழைக்கு முன்னாடி மாத்திடுங்க.